பிள்ளைகளுக்குத் தெரியும் என்றால் எழுதிவைக்க வேண்டுமா? இறுதிக்கால மருத்துவ விருப்பங்கள் குறித்து

கேள்வி, 2024 பிப்ரவரி 11

எனக்கு வயது எழுபத்திரண்டு. சொல்லிக்கொள்ளும்படியான நோய் எதுவும் இல்லை. இறுதிக்காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிடும் லிவிங் வில் ஒன்றைத் தயார் செய்யுமாறு நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார். என் மகனும் மகளும் என்னை நன்கு அறிந்தவர்கள். நான் பேச முடியாத நிலைக்குப் போனால் அவர்கள் சரியானதைச் செய்வார்கள். பெற்ற பிள்ளைகள்மேல் நம்பிக்கை இருக்கும்போது காகிதம் எதற்கு?

பிப்ரவரி 12

பிள்ளைகளை நம்புவது வேறு, முடிவின் சுமையை அவர்கள் தலையில் இறக்கிவைப்பது வேறு. என் தந்தை பக்கவாதத்தால் நினைவிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது மருத்துவர் எங்களைத் தனியறைக்கு அழைத்து, "நீங்கள் என்ன விரும்புகிறீர்கள் என்பது இருக்கட்டும்; அவரால் பேச முடிந்தால் என்ன சொல்வார்?" என்று கேட்டார். அண்ணன், நான், தங்கை மூவரும் அந்த மனிதரின் நிழலிலேயே வளர்ந்தவர்கள். மூன்று பதில்கள் வந்தன. "படுக்கையில் கிடந்து இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது" என்று அவர் பலமுறை சொன்னதை மூவருமே கேட்டிருக்கிறோம். அண்ணனுக்கு அதன் பொருள், வென்டிலேட்டரை நிறுத்திவிடலாம் என்பது. தங்கைக்கு அது நலமாக இருக்கும் எவரும் போகிற போக்கில் சொல்லும் பேச்சு. எனக்கோ, அவர் எதை 'இழுத்துக்கொண்டிருப்பது' என்று கருதினார் என்பதே தெரியவில்லை. ஒரு கை மட்டும் அசைந்தால் அது வாழ்வா, இல்லையா? அதை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

எங்களுக்குள் அன்பு குறைந்ததனால் இந்த வேறுபாடு எழவில்லை. நோயாளி சார்பாக முடிவெடுக்கும் நெருங்கிய உறவினர் அவரது விருப்பத்தை எவ்வளவு சரியாக ஊகிக்கிறார்கள் என்பதை அளந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006 இல் ஒரு கட்டுரை வெளியானது. ஊகம் பொருந்தியது 68 விழுக்காடு மட்டுமே. மூன்றில் ஒரு முறை, நம்மை நன்கு அறிந்தவர்களே நாம் விரும்பாததைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பிப்ரவரி 12, இரவு

ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் ஒருமனதாக இருந்தால்கூட அது போதாமல் போகலாம். அமெரிக்காவில் நான்சி குரூசன் என்ற இளம்பெண் 1983 இல் கார் விபத்துக்குப் பின் மீளாத நினைவிழப்பில் கிடந்தார். உணவு செலுத்தும் குழாயை அகற்றுமாறு பெற்றோர் கேட்டபோது, அது அவருடைய விருப்பமே என்பதற்குத் தெளிவான, உறுதியான சான்று வேண்டும் என்று மிசௌரி மாநிலம் நின்றது. தன் நிலையை உணர்ந்த ஒருவர் சிகிச்சையை மறுக்கலாம் என்பதை 1990 இல் ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றம், மாநிலம் அப்படிச் சான்று கேட்பதும் செல்லும் என்றது. பழைய நண்பர்கள் முன்வந்து அவர் என்றோ சொன்னவற்றைச் சாட்சியமாக அளித்த பிறகுதான் குழாய் அகற்றப்பட்டது. பெற்றோருக்குத் தெரிந்திருந்தது, அவர்களுக்குத் தெரியும் என்பதை நிறுவுவதற்கே ஆண்டுகள் ஓடிவிட்டன. அவர் கையால் எழுதிய ஒரு பக்கம் அவர்களிடம் இல்லை.

பிப்ரவரி 15

"அப்படியானால் 'செயற்கைக் கருவிகள் எதுவும் வேண்டாம்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் போதாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது, சில வேளைகளில் அந்த வரியே கேடாகவும் முடியும். நுரையீரல் தொற்றுக்காகச் சில நாள்கள் வென்டிலேட்டரில் இருந்துவிட்டு எழுந்து நடந்து வீட்டுக்குத் திரும்புபவர்கள் இருக்கிறார்கள். முழு மயக்கமருந்து கொடுத்துச் செய்யும் பல அறுவைச் சிகிச்சைகளிலும் நம் மூச்சைக் கருவிதான் நடத்துகிறது. கருவி அதேதான், அது யாருக்கு, எந்த நிலையில், எதை நோக்கிப் பயன்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆகவே கருவிகளின் பெயர்களிலிருந்து தொடங்காமல் நிலைமைகளிலிருந்து தொடங்குங்கள். எந்த நிலையில் வாழ்வது உங்களுக்கு ஏற்கத்தக்கது, எந்த நிலை ஏற்கத்தக்கதன்று? நினைவு திரும்ப வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் ஒருமித்துச் சொன்னால்? நினைவு இருந்து, பேச்சு மட்டும் போனால்? உடன் இருப்பவர்களை அடையாளம் தெரியாமல், ஆனால் வலியின்றி, முகமலர்ச்சியோடு இருந்தால்? இவற்றுக்கு விடை எழுதியிருந்தால், எந்தக் கருவியை வைப்பது, எதை எடுப்பது என்பதை மருத்துவரால் அதிலிருந்து வகுத்துக்கொள்ள முடியும். கருவிப் பட்டியல் மட்டும் இருந்தால், பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று நிச்சயம் வந்து நிற்கும்.

இன்னொரு வழியையும் பலர் அறிவதில்லை. கால வரையறை வைத்துச் சிகிச்சையைத் தொடங்கிப் பார்க்கலாம். "டயாலிசிஸைத் தொடங்குங்கள், இத்தனை நாள்களில் இன்ன முன்னேற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள்" என்று எழுதலாம். தொடங்காமல் இருப்பதற்கும் தொடங்கியதை நிறுத்துவதற்கும் அறநோக்கில் வேறுபாடு இல்லை என்பதே மருத்துவ அறவியலில் பரவலாக ஏற்கப்பட்ட நிலைப்பாடு. ஆனால் குடும்பத்தினரின் மனம் அப்படி இயங்குவதில்லை. நிறுத்துவது என்று வந்தால் கை நடுங்குகிறது. அதை நான் அனுபவித்திருக்கிறேன். நிறுத்த வேண்டிய நாளை நோயாளியே குறித்துவைத்திருந்தால் அந்த நடுக்கம் பெருமளவு தணியும்.

பிப்ரவரி 19

இதயம் நின்றபின் மார்பை அழுத்தி இயக்க முயலும் சிபிஆர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நம் எதிர்பார்ப்பு உண்மையிலிருந்து மிகத் தொலைவில் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் காட்டப்பட்ட சிபிஆர் காட்சிகளை எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 1996 இல் வெளியானது. திரையில் நான்கில் மூன்று பேர் அந்த நேரத்துக்குப் பிழைத்தார்கள். நிஜத்தில், நல்ல வசதியுள்ள மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரோ அதற்கும் குறைவாகவோதான் உயிரோடு வீடு திரும்புகிறார்கள். முற்றிய நோயால் தளர்ந்துபோன முதியவர்களில் அந்த அளவு இன்னும் குறைவு. விலா எலும்பு முறிவது அடிக்கடி நிகழ்வது.

இதைச் சொல்வது சிபிஆர் வேண்டாம் என்று தூண்டுவதற்காக அன்று. திடீரென்று இதயத் துடிப்பு தடுமாறி விழுந்த நடுவயதினருக்கு அது உயிரையே மீட்டுத் தரும். பல உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து, இறப்பின் கடைசிப் படியாக இதயம் நிற்கும்போது, அதே செயல் வேறொன்றாகிவிடுகிறது. எந்த நிலையில் வேண்டாம் என்பதை எழுதுங்கள்.

பிப்ரவரி 20

ஒருவர் சரியான இடத்தில் தொட்டிருக்கிறார். நான் குறிப்பிட்ட 2006 ஆம் ஆண்டுத் தொகுப்பை அவரும் படித்திருக்கிறார். நோயாளியே தேர்ந்தெடுத்த பிரதிநிதியாக இருந்தாலும், முன்பே பேசியிருந்தாலும்கூட ஊகத்தின் துல்லியம் கூடவில்லை என்று அதே கட்டுரை சொல்கிறதே, பிறகு பேசுவதால் என்ன பயன் என்று கேட்கிறார்.

இரண்டு நாள் யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். பேச்சு என்று நாம் சொல்லிக்கொள்வதன் தரம் இங்கே முக்கியம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் பேச்சு நடந்ததுதானே? மெல்போர்ன் நகரில் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 309 நோயாளிகளிடம் நடத்தி 2010 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றொரு பிரிவினருடன், பயிற்சி பெற்றவர்கள் குடும்பத்தினரையும் வைத்துக்கொண்டு அமர்ந்து, நோயைப் பற்றிய புரிதல், மதிப்பீடுகள், அச்சங்கள் ஆகியவற்றைப் பேசி, பிரதிநிதியை நியமிக்கச் செய்து, எல்லாவற்றையும் எழுதி மருத்துவக் கோப்பில் சேர்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் இறந்தவர்களைப் பார்த்தபோது, இறுதி விருப்பம் தெரிந்திருந்து பின்பற்றவும் பட்டது முதல் பிரிவில் 30 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 86 விழுக்காடு. இழந்த குடும்பத்தினரின் மன உளைச்சலும் சோர்வும்கூட இரண்டாம் பிரிவில் குறைந்திருந்தன.

நான் முதல் குறிப்பில் காகிதத்தின் பக்கம் சற்று அதிகமாகவே சாய்ந்துவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. தனியாக உட்கார்ந்து நிரப்பி அலமாரியில் வைத்த படிவமும், எழுதாமல் விட்ட உரையாடலும் பெரிதாக எதையும் மாற்றுவதில்லை. நோயின் போக்கைத் தெரிந்தவர், முடிவெடுக்கப் போகிறவர், விருப்பத்துக்குரியவர் ஆகிய மூவரும் ஒரே இடத்தில் அமர்ந்து பேசி, அங்கேயே எழுதுவதுதான் வேலை செய்கிறது.

மார்ச் 2

என் தாயாருடன் அப்படி அமர்ந்த அனுபவத்தைப் பகிர்கிறேன். நினைவாற்றல் இழந்து, என்னை யாரென்று தெரியாமல் போகும் ஒரு காலம் வந்தால், அதன்பின் வாழ்வை நீட்டிக்கும் எதையும் அவர் விரும்பமாட்டார் என்றே நான் உறுதியாக இருந்தேன். அவரோ அமைதியாக, "உன்னைத் தெரியாவிட்டால் அழப்போகிறவள் நீதான். நான் வெயிலில் உட்கார்ந்து யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தால் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் விடாதே" என்றார். மாறாக, விழுங்க முடியாமல் போனபின் குழாய் வழியே உணவு செலுத்துவதில் அவருக்குத் துளியும் உடன்பாடில்லை. அதை இரண்டு முறை சொன்னார். அருகில் இருந்த மருத்துவர், முற்றிய மறதி நோயில் அந்தக் குழாய் ஆயுளை நீட்டிப்பதாகவோ உணவு மூச்சுக்குழலுக்குள் போவதால் வரும் நுரையீரல் தொற்றைத் தடுப்பதாகவோ சான்றுகள் காட்டவில்லை என்றும், கையால் சிறுகச் சிறுக, அவர் ஏற்கும் அளவு ஊட்டிவிடுவதையே பரிந்துரைக்கிறார்கள் என்றும் விளக்கினார். உணவை நிறுத்துவது பட்டினி போடுவதாகாதா என்று தங்கை கேட்டாள். உடல் அடங்கிவரும் கடைசி நாள்களில் பசியும் தாகமும் தாமாகவே குறைந்துவிடுகின்றன என்றும், வாயும் உதடும் உலராமல் நனைத்துக்கொண்டிருப்பதே அப்போது தேவையான கவனிப்பு என்றும் அவர் சொன்னார். அந்த ஒரு விளக்கத்துக்காகவே அந்தச் சந்திப்பு தகும்.

மார்ச் 3

விடுபட்டது: "சிகிச்சை வேண்டாம்" என்று எழுதினால் கைவிட்டுவிடுவார்களா என்ற அச்சம் பலருக்கு உண்டு. வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் கவனிப்பு எந்த நிலையிலும் தொடர வேண்டும் என்று ஆவணத்திலேயே ஒரு பத்தி எழுதுங்கள். பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களுக்குத் தொடக்கத்திலேயே வலி தணிப்புச் சிகிச்சையைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில், அவர்கள் இறுதியில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றார்கள். ஆனாலும் மற்றவர்கள் சராசரியாக 8.9 மாதங்கள் வாழ்ந்த நிலையில், இவர்கள் 11.6 மாதங்கள் வாழ்ந்தார்கள். 2010 இல் வெளியான முடிவு அது.

மார்ச் 9

சட்டம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2018 மார்ச் 9 அன்று, காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் லிவிங் வில்லுக்கு ஏற்பளித்தது. அப்போது முதல்வகுப்பு நீதித்துறை நடுவரின் மேலொப்பம் தேவைப்பட்டதால் நடைமுறையில் ஏறக்குறைய யாராலும் பயன்படுத்த முடியவில்லை. 2023 ஜனவரியில் விதிகளைத் தளர்த்தினார்கள். வயதுவந்த, தெளிந்த மனநிலையுள்ள ஒருவர், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் பெற்றால் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட பாதுகாவலரை அல்லது நெருங்கிய உறவினரைக் குறிப்பிடலாம். செயல்படுத்தும் வேளையில் மருத்துவமனை அமைக்கும் முதன்மைக் குழுவும், பின்னர் இரண்டாம் குழுவும் ஆராய்கின்றன; ஒவ்வொரு குழுவும் 48 மணி நேரத்துக்குள் கருத்துரைப்பது விரும்பத்தக்கது என்று வகுத்திருக்கிறார்கள். ஆவணம் தெளிவற்றதாக இருந்தால் குழு அதைச் செயல்படுத்தாது. 'கருவி எதுவும் வேண்டாம்' என்ற ஒற்றை வரியை நான் எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிங்கப்பூரில் இதற்கென 1996 முதலே சட்டம் இருக்கிறது. 21 வயது நிரம்பியவர், மருத்துவர் ஒருவர் உள்ளிட்ட இரண்டு சாட்சிகளோடு படிவத்தில் கையொப்பமிட்டுப் பதிவு செய்ய வேண்டும். இங்கிலாந்தில் 2005 ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயிர்காக்கும் சிகிச்சையை மறுப்பதாயின், "என் உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலும் இது பொருந்தும்" என்ற கருத்து வெளிப்படையாக எழுதப்பட்டு, கையொப்பமும் சாட்சியும் இருக்க வேண்டும்.

எங்கும் பொதுவானவை சில. நீங்கள் பேசி முடிவெடுக்கக்கூடிய நிலையில் இருக்கும்வரை ஆவணத்துக்கு வேலையே இல்லை; அந்த நேரத்தில் நீங்கள் வாயால் சொல்வதே செல்லும். எழுதியதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், திரும்பப் பெறலாம். மருத்துவரிடம் ஊசி கேட்டு உயிரை முடித்துக்கொள்வது முற்றிலும் வேறு விவகாரம். பெரும்பாலான நாடுகளில் அதை இந்த ஆவணத்தால் கேட்க முடியாது.

மார்ச் 10

வங்கிப் பெட்டகத்தில் வைக்காதீர்கள். நள்ளிரவில் யாராலும் அதைத் திறக்க முடியாது. பிரதிநிதியிடம் ஒரு படி, வழக்கமான மருத்துவரிடம் ஒரு படி, கைப்பேசியில் ஒளிப்படம். மற்றொன்று, ஆம்புலன்ஸ் பணியாளர்கள் பெரும்பாலும் லிவிங் வில்லைப் படித்துப் பொருள்கொண்டு நடக்க மாட்டார்கள், அவர்களால் அது முடியாது. முற்றிய நோயுள்ளவர்களுக்கென, மருத்துவர் கையொப்பமிடும் தனி ஆணைப் படிவம் சில நாடுகளில் இருக்கிறது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் 1990களின் தொடக்கத்தில் உருவான முறை அது. லிவிங் வில் நலமாக இருக்கும் எவரும் எழுதுவது. அந்த ஆணை கடும் நோயாளிக்கு மட்டும் உரியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மார்ச் 17

முதலில் கேள்வி கேட்ட பெரியவர் எழுதிய மடலைப் படித்தபின் மனம் கனத்துவிட்டது. எழுதிவைக்க இப்போது சம்மதம் என்கிறார், காரணம், "பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக் கூடாது." ஐயா, இந்தக் காரணத்தை மட்டும் வைத்து எழுதாதீர்கள். நீங்கள் எதை விரும்புகிறீர்கள் என்பதை எழுத வேண்டிய இடத்தில், அவர்கள் எதை விரும்பக்கூடும் என்று நீங்கள் ஊகிப்பதை எழுதிவிடுவீர்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உங்களைக் கவனிப்பது பாரமன்று, உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் தவிப்பதே பாரம் என்று அவர்கள் சொல்லக்கூடும்; நாங்கள் மூவரும் அப்படித்தான் சொல்வோம்.

நலமாக இருப்பவர்கள் ஊனத்தோடு வாழும் வாழ்வை அதை வாழ்பவர்களைவிடத் தாழ்வாகவே மதிப்பிடுகிறார்கள் என்பதையும் கருத வேண்டும். சக்கர நாற்காலி வாழ்வைக் கற்பனையில் அஞ்சியவர்கள், அதற்குள் போனபின் அதை விரும்பி வாழ்வது உண்டு. ஆகவே "நடக்க முடியாவிட்டால் வேண்டாம்" என்பது போன்ற வரிகளை எழுதுமுன் அப்படி வாழும் ஒருவரோடு பேசுங்கள். நான் பிப்ரவரி 15 இல் எழுதிய கேள்விகளோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன். புதிய நோய் கண்டறியப்பட்டாலும், நெருங்கியவர் இறந்தாலும், பிரதிநிதியோடு உறவு மாறினாலும், ஆவணத்தை எடுத்து மீண்டும் படித்து, மாற்றமில்லை என்றால் அன்றைய தேதியிட்டுக் கையொப்பமிடுங்கள்.

மார்ச் 24

கருவியை எடுத்தால் உடனே இறப்பு என்று எண்ணிச் சிலர் அஞ்சுகிறார்கள். அமெரிக்காவில் நினைவிழந்து கிடந்த கேரன் ஆன் குயின்லன் என்ற இளம்பெண்ணின் வழக்கில் நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 1976 இல் வென்டிலேட்டரை அகற்ற அனுமதித்தது. அகற்றிய பின்னும் அவர் தானாக மூச்சுவிட்டு, குழாய்வழி உணவின் துணையோடு 1985 வரை வாழ்ந்தார். கருவியை விலக்குவது நோயைத் தன் போக்கில் விடுவது. முடிவு எப்போது என்பதை அது தீர்மானிப்பதில்லை. என் தந்தைக்கும் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தக் கையொப்பமிட்டு, பின்னர் கூடுதல் தலையீடுகள் வேண்டாம் என்று சொன்ன பிறகும், நாங்கள் எதிர்பார்த்ததைவிட நெடுநாள் இருந்தார். அந்த நாள்களில் எங்களுக்குள் ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லாமல் இருந்ததே பெரிய காரியம்.

ஏப்ரல் 6

"துணையும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, என் சார்பாகப் பேச யாருமில்லை. நான் எழுதி என்ன பயன்?" என்று கேட்டவருக்கு: உங்களுக்குத்தான் இது மற்ற எல்லாரையும்விட அதிகம் தேவை. யாரும் இல்லாத நோயாளிக்கு, எதுவும் தெரியாத நிலையில், இயன்ற எல்லாவற்றையும் செய்துபார்ப்பதே மருத்துவமனைகளின் இயல்பான போக்கு. பல நாடுகளில் பிரதிநிதி இரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. நெடுநாள் தோழர், பழைய உடன்பணியாளர், உங்களைவிட இளையவராக இருந்தால் நல்லது. உங்கள் நாட்டில் அது செல்லுமா என்று வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சிகிச்சையளிக்கும் மருத்துவரையே பிரதிநிதியாக்குவதைப் பல இடங்களில் ஏற்பதில்லை. தேர்ந்தெடுப்பவரிடம் நேராகக் கேளுங்கள்: நான் வேண்டாம் என்று எழுதியதை, மற்றவர்கள் எதிர்த்தாலும் உங்களால் மருத்துவரிடம் சொல்ல முடியுமா? தயங்கினால் அவர்மேல் வருத்தம் கொள்ளாமல் வேறொருவரைப் பாருங்கள். அன்புள்ள எல்லாராலும் அது முடிவதில்லை. ஒருவரும் அமையாவிட்டாலும் எழுதுவதை நிறுத்தாதீர்கள். ஆனால் அப்போது ஒவ்வொரு நிலைமையையும் காரணத்தோடு விரிவாக எழுதி, வழக்கமான மருத்துவரின் கோப்பில் சேர்த்துவிட்டு, ஆவணம் அங்கே இருக்கிறது என்ற குறிப்பைப் பணப்பையில் அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.